ஆறு ஊர்ச் சாசனம்

துபாய் விமான நிலைய வாசலில் காதரைப் பார்த்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அவன் தலைமுடிதான். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு முடி எதற்கு? எனக்கும் அதே வயதுதான். நாற்பதிலேயே எனக்கு உச்சி தெரிய ஆரம்பித்துவிட்டது. கட்டிப்பிடித்து முதுகைத் தட்டினான். நானும் தட்டினேன். பொறாமையை ஒளித்து எழுத எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து நாள் பயணத்தில் நான் பார்த்ததைவிடப் பொருமியதுதான் அதிகம்.

காதரும் நானும் திருநெல்வேலியில் ஒன்றாக எம்.ஏ. அரசியல் படித்தவர்கள். ஐரோப்பாவில் போர் ஓய்ந்து ஏழெட்டு வருஷத்துக்குள், அதுவரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த ஆறு நாடுகளின் ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு அரசியல் சாசனம் எழுதினார்கள். நூற்றுப் பதினேழு விதிகள். சொன்ன கெடுவுக்குள் எழுதியும் முடித்தார்கள். பிறகு அது குழியில் போய்விட்டது. எங்கள் பேராசிரியர் ஒரே ஒரு வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். காதருக்கும் எனக்கும் மட்டும் அது பித்தாகப் பிடித்துக்கொண்டது.

அவன் பாதியில் படிப்பை விட்டான். வாப்பா இறந்ததும் குடும்பம் அவன் தலையில் விழுந்தது, விமானம் ஏறிவிட்டான். நான் இருந்து, படித்து, அதே சாசனத்தில் முனைவர் பட்டம் வாங்கி, முப்பது வருஷம் கல்லூரியில் அதைச் சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைத்தேன். அதைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒரே தமிழன் நான்தான் என்று ஒரு நினைப்பு. வேறு பெரிய சொத்து இல்லாதவனுக்கு அந்த நினைப்பு ஒரு சொத்து.

போன மாதம் காதர் போன் செய்தான். “சங்கரா, எங்க ஆறு ஊர்ச் சங்கத்தையும் ஒண்ணாக்கப் போறோம் வே. ஐரோப்பாக்காரன் எழுதின சாசனத்தப் பத்திப் பேச ஒன்ன விட்டா யாரு இருக்கா? வா. எங்க நகலயும் ஒரு பார்வ பாத்துக் குடு.”

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் அடுத்தடுத்து உள்ள ஆறு ஊர்கள் அவை. பெயர்களை எழுதமாட்டேன். எழுதினால் எந்த ஊரை முதலில் போட்டேன் என்று ஒரு வழக்கு வரும். பிழைப்புக்கு வளைகுடா வந்தவர்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். துபாயில் ஒன்று, குவைத் ஃபர்வானியாவில் ஒன்று, ஓமன் சோஹாரில் ஒன்று என்று கிளைகள் வேறு. ஒரு ஊர்க்காரன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த ஊர்ச் சங்கம் ஓடும், பக்கத்து ஊர்ச் சங்கம் வேடிக்கை பார்க்கும். நான் கிளம்புவதற்கு முன்பே நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சாசன நகலை எழுதி, பாளையங்கோட்டையில் பைண்டு போட்டு எடுத்துக்கொண்டேன். ‘பார்வை பார்த்துக் கொடு’ என்றால் அவர்களுடையது சொத்தையாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் அல் குசைஸில் உள்ள அவன் கடைக்குப் போனோம். நோட்டு, பேனா, ஜெராக்ஸ், விசாவுக்கு போட்டோ. பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். ஆனால் போகிற வருகிற ஆளெல்லாம் “காக்கா, சலாம்” என்றுவிட்டுத்தான் போகிறான். காக்கா என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன். கார் நிறுத்த இடமில்லாமல் நாங்கள் மூன்று சுற்றுச் சுற்றியபோது, ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் காதரைப் பார்த்துவிட்டுத் தன் வேனை எடுத்து இடம் விட்டார். முப்பது வருஷம் வேலை பார்த்த கல்லூரியில் என் சைக்கிளுக்கு ஒருவனும் இடம் விட்டதில்லை.

எதிரே உள்ள கஃபெட்டீரியாவில் இருந்து பொரோட்டாவும் முட்டையும் வந்தன. கரக் டீ என்று ஒன்று தருகிறார்கள், ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சியது. எனக்குச் சுகர் உண்டு. சர்க்கரை இல்லாமல் கேட்டேன். டீ போடுகிற மலையாளி என்னை இரக்கத்தோடு பார்த்தார். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். “லீவு கேட்டேன், மேனேஜர் அடுத்த மாசம் என்கிறான்.” “போன மாசமும் அதைத்தானே சொன்னான்?” “போன மாசம் சொன்ன அடுத்த மாசம் இதுதான், அதனால்தான் மறுபடி கேட்டேன்.” இரண்டு பேரும் சிரித்துவிட்டு டியூட்டிக்குப் போனார்கள்.

டீ குடித்த கையோடு காதர் மேஜை டிராயரில் இருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். திறந்தேன். ஐரோப்பிய சாசனம். நூற்றுப் பதினேழு விதிகளும் தமிழில், அவனுடைய முத்துக் கையெழுத்தில்.

“இங்கிலீஷ்ல இருந்தா?” என்றேன்.

“இல்ல வே. பிரெஞ்சுல இருந்து. பக்கத்து லாண்டரியில ஒரு துனீசியாக்காரர் இருந்தாரு. மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கடை அடைப்புல்ல, அப்ப சொல்லிக் குடுத்தாரு. ஒம்பது வருஷம் ஆச்சு. அங்க பேசின பேச்செல்லாம் அச்சுல இருக்கு, படிக்கப் படிக்க நல்லா இருக்கும்.”

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. என் ஆராய்ச்சி முழுக்க ஆங்கிலத்தில் கிடைத்ததை வைத்துச் செய்தது. வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளர் அதைக் கேட்டார், நான் சமாளித்தேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி உள்ளுக்குள் முள்ளாகக் கிடந்தது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், துணி துவைக்கிறவரிடம் பாடம் கேட்டு இவன் அந்த முள்ளைப் பிடித்து அழுத்திவிட்டான். “பரவாயில்லையே” என்றேன். வயிற்றெரிச்சலில் எனக்கு வந்த வார்த்தை அவ்வளவுதான்.

“ஒங்க சங்க நகல் எங்க?” என்றேன். சட்டைப் பையில் இருந்து ஒரே ஒரு தாளை எடுத்தான். பதினொரு விதிகள். என் நாற்பத்திரண்டு பக்கம் பைக்குள் கனத்தது. அவனுடைய தாளை அப்போது நான் படிக்கவில்லை. கண்ணாடி ரூமில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. காதர் தாளை மடித்து மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சோஹாருக்குப் புறப்பட்டோம். ஓமனில் அன்றுதான் லீவு, அங்குள்ள கிளைக்காரர்களின் சம்மதம் வாங்க வேண்டும். காதருடைய கார் மலைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கள் ஊர் ரோட்டில் இப்படி ஒரு கிலோமீட்டர் போனால் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். எல்லையில் மாட்டிக்கொண்டோம். ஓமனுக்கு ஏற்ற இன்சூரன்ஸ் தாளைக் காதர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். அங்கேயே புதிதாகப் போடலாம், ஆனால் கவுண்டர்காரர் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி. ஒன்றிலாவது தப்பு செய்தானே.

நிழலுக்கு ஒதுங்கிய இடத்தில் லாரி ஓட்டும் பெரம்பலூர்க்காரர் ஒருவர் நின்றார். பெயர் செல்வராசு. சோஹார் பக்கம் கல் ஏற்றுகிற வேலை. தமிழ் காதில் விழுந்ததும் கிட்ட வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். காதர் சங்க விஷயத்தைச் சொன்னான்.

“குடுத்து வச்ச ஊருங்க” என்றார் செல்வராசு. “எங்க கேம்ப்ல போன வருசம் ஒரு பையன் சாரத்துல இருந்து வுழுந்து செத்துட்டான். கடலூர் பக்கம். ஐஸ் பெட்டியிலயே பதினேழு நாள் கெடந்தான் சார். எங்க கையெழுத்து வாங்கணும், யாருக்குப் பேப்பர் குடுக்கணும், ஒண்ணுந் தெரியல. விசா குடுத்த மொதலாளி, அந்த கஃபீல், போன எடுக்கல. கேக்க நாதியில்ல. உங்களமாரி ஊர்ச் சங்கம் இருந்தா மூணு நாள்ல ஊருக்குப் போயிருப்பான்.”

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கூட்டாட்சியில் வெளியாரின் நிலை பற்றி என் நகலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் விளக்கியிருப்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே லாரியைப் பார்த்தார். காதர் சட்டைப் பையில் இருந்து அந்தத் தாளை எடுத்து எட்டாவது விதியை வாசித்தான். “கேட்க ஆளில்லாத தமிழர் யார் இங்கே இறந்தாலும், இந்தச் சங்கமே அவருடைய ஊர்ச் சங்கம்.”

செல்வராசு லாரியில் இருந்து பார்வையைத் திருப்பினார். “கடல் இல்லாத ஊருக்குமா பாய்?” என்றார்.

“யாருக்கும்தான். ஐரோப்பாவுல ஆறு பேரு கூடி எழுதுறப்ப, மத்தவங்களும் வந்து சேரலாம்னு கதவத் தொறந்தே வச்சாங்க. அதப் பாத்துத்தான் எழுதினேன்.”

“எப்ப நடக்கும்?”

“ஞாயித்துக்கெழம கையெழுத்து. நடந்துரும், இன்ஷா அல்லாஹ்.”

செல்வராசு தன் போன் நம்பரைக் கொடுத்து, கையெழுத்தானதும் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நான் லாரிக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்தேன். அந்த எட்டாவது விதி என் நாற்பத்திரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. அதை நான் ஏன் எழுதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேனே தவிர, பெட்டியில் பதினேழு நாள் கிடந்த பையனை நினைக்கவில்லை.

சோஹாரில் மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். நெய்மீன், அன்று காலையில் பிடித்தது. அதிலும் ஒரு வயிற்றெரிச்சல், ஏனென்றால் எங்கள் ஊர்ச் சந்தைக்கு மீன் வந்து சேருவதற்குள் அது செத்ததையே மறந்திருக்கும். சாப்பாட்டுக்கு முன் கூட்டம் நடந்தது. எப்படியும் பெரிய ஊர்க்காரர்கள்தான் நாற்காலி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒருவர் கோபமாகச் சொன்னார். நான் பிரதிநிதித்துவக் கொள்கைகளின் மூன்று வகைகளை விளக்கினேன். அவர் இன்னும் கோபமானார். காதர், “நிர்வாகத்துல ஒரே ஊர்க்காரர் ரெண்டு பேருக்கு மேல கூடாது. நாலாவது விதி” என்றான். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த விதி ஐரோப்பிய சாசனத்தில் அப்படியே உண்டு. எனக்கு அது மனப்பாடம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

கூட்டம் முடிந்து பெரியவர் ஒருவர் கையேந்தி துஆ ஓதினார். ஓதியதும் ஒரு ஆளுக்கு ஏதோ நினைவு வந்து, “இன்னொரு விசயம் காக்கா” என்று ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். ஓதி முடிச்சாச்சு, இனி அடுத்த கூட்டத்துலதான் என்றார்கள். திரும்பும் வழியில் காதர் அதை விளக்கினான். ஆறு ஊரிலும் இதே வழக்கம்தானாம். ஓதிய பிறகு அன்றைக்கு எந்தப் பேச்சையும் திறக்கக் கூடாது. சண்டை வளராமல் இருக்கப் பெரியவர்கள் வைத்த வழி. “ஆறு ஊரும் ஒத்துப்போற ஒரே விசயம் இதுதான் வே” என்று சிரித்தான்.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. காதர் கடைக்குப் போய்விட்டான். அவன் மனைவி ராபியா, “அண்ணே, இடியாப்பத்துக்குத் தேங்காப்பால் வேண்டாம், ஒங்களுக்கு ஆகாதுன்னு சொன்னாஹ, ஆட்டுக்கால் ஆணம் வச்சிருக்கேன்” என்றார். ஆணம் என்றால் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு அவன் மொழிபெயர்ப்பு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிற மனுஷன் செய்கிற வேலையா இது? செய்தேன். காலை முழுக்க நூற்றுப் பதினேழு விதிகளையும் எனக்கு மனப்பாடமான ஆங்கிலத்தோடு ஒவ்வொரு சொல்லாக உரசிப் பார்த்தேன். நான் வகுப்பில் சுற்றிச் சுற்றி விளக்கிய இடங்களை அவன் நம் வீட்டுப் பேச்சில் நாலே வார்த்தையில் சொல்லியிருந்தான். மத்தியானம் தாண்டி ஒரு தப்புக் கிடைத்தது. நாற்பத்தொன்றாம் பக்கம் என்று இரண்டு பக்கங்களுக்கு எண் போட்டிருந்தான். அதற்கே மனசு குளிர்ந்து ஒரு தூக்கம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. இப்போது இங்கும் நம்மைப் போல ஞாயிறுதான் லீவு. அல் குசைஸில் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம். ஃபர்வானியாவில் இருந்து இரண்டு பேர் விமானம் ஏறி வந்திருந்தார்கள், மத்தியானமே திரும்ப வேண்டியவர்கள். தலைமை தாங்கியவர் பெரிய ஊர்ச் சங்கத்தின் தலைவர், எல்லோருக்கும் ஹாஜியார். அந்த ஊர் சேராமல் இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹாஜியார் செவ்வாய்க்கிழமை விசாவை கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். அடுத்து வரப்போகிறவர் அவருடைய தம்பி மகன். அவர் இணைப்பே வேண்டாம் என்கிற கட்சி. அன்றைக்குக் கையெழுத்து ஆகாவிட்டால் பிறகு எப்போதும் ஆகாது என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். காதர் நாலு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, ஹாஜியாரை இந்த நாற்காலி வரைக்கும் கொண்டுவந்திருந்தான்.

ஹாஜியாருக்கு வலப்பக்கம் என்னை உட்கார வைத்து மாலை போட்டார்கள். என் நகலையும் மேஜையில் வைத்தார்கள். ஹாஜியார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் பேசினேன். ஆறு நாடுகள், அழிந்த நகரங்கள், இரண்டு சபைகள். எங்கள் தெருவில் ஒரு சாக்கடைக்காக இரண்டு வீட்டார் முப்பது வருஷமாகப் பேசுவதில்லை, அந்த நாட்டுக்காரர்களோ ஏழெட்டு வருஷத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள் என்றேன். பிறகு முடிவைச் சொன்னேன். அந்தச் சாசனம், ஆறு நாட்டுக்கும் சேர்த்து ஒரே படை என்கிற ஒப்பந்தத்தை நம்பி இருந்தது. பிரான்சின் நாடாளுமன்றத்தில் அந்த ஒப்பந்தம் வந்தபோது, அதை எதிர்த்து வாதாடித் தோற்கடிக்கவில்லை. இதைப் பேசவே வேண்டாம் என்று ஒரு நடைமுறைத் தீர்மானம் போட்டு மூடிவிட்டார்கள். படையோடு சாசனமும் போயிற்று. “எழுதினவர்களுக்குப் பேச ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்க வேண்டாமா? இது அநியாயம் இல்லையா?” என்று மேஜையைத் தட்டினேன். மரியாதைக்குக் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

பிறகு காதர் எழுந்து தன் தாளை வாசித்தான். ஒவ்வொரு விதிக்கும் ஒரு தலை நிமிர்ந்தது. கொட்டாவி விட்டவர் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். பெரிய ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, “ஆளு எங்க ஊருலதான் கூட. சின்ன ஊருக்கு எதுக்கு இத்தன எடம்?” என்று கேட்டார்.

“லக்ஸம்பர்க்குன்னு ஒரு நாடு காக்கா” என்றான் காதர். “நம்ம ஒரு ஜில்லா அளவுகூட வராது. மக்கள் சபையில அதுக்குப் பன்னெண்டு எடம் குடுத்தாங்க. சின்னவன் பயப்படாம உக்காந்தாத்தான் பெரியவனுக்கு மரியாத.”

கேட்டவரே தலையசைத்தார். எட்டாவது விதியை ஹாஜியார் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். காதர் வாசித்தான். “சரி, ஆறு ஊர்ட்டயும் சம்மதம் கேட்டுக் கையெழுத்துப் போட்டுருவோம்” என்றார். தாள்களை எடுத்துவரக் காதர் வாசல் மேஜைக்குப் போனான்.

அந்த நேரத்தில் ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். அன்பாகத்தான் கேட்டார். “சார், நீங்க பேசுனது நமக்குப் பாதி வெளங்கல. காதர் சொன்னப்பதான் வெளங்குச்சு. நீங்க அவர்ட்ட படிச்சவஹளா?”

முப்பது வருஷம், ஒரு முனைவர் பட்டம், நாற்பத்திரண்டு பக்கம். அவரிடம் படித்தவரா என்கிறார். வாசல் பக்கம் பார்த்தேன். காதர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான், அத்தனை முடியோடு.

“ஹாஜியார், தப்பா நெனைக்கக் கூடாது” என்றேன். “எனக்குச் சுகர் உண்டு. கை நடுங்குது. சாப்பாட்டுக்கு நேரமாகுமா?”

கை நடுங்கவில்லை. நடுங்க வைத்தேன். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் தட்டில் இருந்த பேரீச்சம்பழம் மூன்றைத் தின்றிருந்தேன். இவர்கள் ஊர்களில் விருந்தாளியைப் பசியோடு உட்கார வைப்பது எவ்வளவு பெரிய குறை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

ஹாஜியார் பதறிப்போனார். “யா அல்லாஹ். மெஹ்மான பட்டினி போட்டுட்டு நமக்கு என்ன மஷூராவும் பேச்சும் வேண்டிக்கெடக்கு? சஹனக் கொண்டாங்க” என்று இரண்டு கையையும் ஏந்தினார். அறை முழுக்கக் கைகள் ஏந்தின. ஓத ஆரம்பித்துவிட்டார். காதர் வாசலில் திரும்பியபோது பாதி துஆ முடிந்திருந்தது. அவன் இரண்டு கையிலும் தாள்கள் இருந்ததால் கையேந்தவும் முடியாமல், நடந்து வரவும் முடியாமல் அங்கேயே நின்றான். எல்லோரும் ஆமீன் என்றார்கள். நானும் சொன்னேன்.

விரிப்பு விரித்து சஹன் வந்தது. நெய்ச்சோறும் கறியும் நிறைந்த பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவது இவர்கள் வழக்கம். சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் என்ன என்று சோஹார்க்காரர் ஒருவர் கேட்டார். ஹாஜியாரின் தம்பி மகன் பக்கத்தில் வந்து, முகம் நிறையச் சிரிப்போடு, “ஓதி முடிச்சாச்சுல்ல காக்கா. இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்துல பாத்துக்குவோம்” என்றார். ஹாஜியார் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தார். அந்த வழக்கத்தை அவரே மீற முடியாது. பிரான்சின் நாடாளுமன்றத்தில் நடந்ததை நானே மேஜையைத் தட்டிச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

காதர் என்னிடம்தான் நேராக வந்தான். கையில் சுகர் பார்க்கிற சின்ன மெஷின். அவனுக்கும் சுகர் என்பது எனக்குத் தெரியாது. “கையக் குடு” என்று விரலைப் பிடித்துக் குத்தினான். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கவலையோடு எட்டிப் பார்த்தார்கள். எண் வந்தது. நூற்று நாற்பத்திரண்டு. சாப்பிட்ட மனுஷனுக்கு வர வேண்டிய நல்ல எண்.

காதர் அதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி எண்ணைப் பார்த்தான்.

“என்ன காக்கா, ரொம்ப எறங்கிருச்சா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஆமா, ரொம்ப எறங்கிருச்சு” என்றான் காதர். மெஷினை அணைத்துச் சட்டைப் பையில், அந்தத் தாள் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டான். “நல்ல வேள, சரியான நேரத்துல சொன்னான். யாராச்சும் வட்டிலாப்பம் எடுத்துட்டு வாங்க.”

முட்டையும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம் ஒரு முழுத் துண்டு வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. முழுவதையும் தின்றேன். இப்ப தேவலையா சார் என்று ஹாஜியார் கேட்டார். தேவலை என்றேன். காதர் எனக்கு எதிரே உட்கார்ந்து, சஹனில் நல்ல கறித் துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான்.

ஃபர்வானியாக்காரர்கள் கை கழுவியதும் விமானத்துக்கு ஓடினார்கள். ஹாஜியாரை வழியனுப்பு விருந்துக்கு யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போடாத தாள்களைக் காதர் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டான். அதை மடியில் வைத்துக்கொண்டே காரை ஓட்டினான். எனக்குத் தொண்டை வரைக்கும் இனிப்பு நின்றது.

திங்கட்கிழமை காலையில் அவனே விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தான். ரோட்டில் முன்னால் ஏதோ விபத்து, கார்கள் அப்படியே நின்றுவிட்டன. பக்கத்துக் காரில் ஒரு ஆள் போனில் அரபியில் கத்திக்கொண்டிருந்தார். காதரின் போன் அடித்தது. செல்வராசு. “இல்ல தம்பி, ஆகல” என்றான் காதர். “இல்ல, இனிமே கஷ்டம்தான். ஒங்க கேம்ப்ல யாருக்காச்சும் ஏதாச்சும்னா எனக்குப் போன் போடுங்க. நான் ஒருத்தனா வாறேன்.” போனை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கேட்டான். “சங்கரா, அந்தப் பதினொண்ணுல எது வே ஒனக்கு ஒப்பல?”

நான் திரும்பிப் பார்த்தேன். குத்திக் காட்டுகிற முகம் இல்லை. நிஜமாகவே கேட்டான். இரவெல்லாம் அந்தத் தாளை விதி விதியாக யோசித்திருக்கிறான், கண் சிவந்திருந்தது. “நீ படிச்சவன். காரணம் இல்லாம செய்ய மாட்ட. மொதல்லயே சொல்லியிருந்தா மாத்தி எழுதியிருப்பேனே.”

ஏதாவது ஒரு விதியின் எண்ணைச் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். திருத்தக்கூட ஆரம்பித்திருப்பான். ஐந்தாவது என்று நாக்கு வரைக்கும் வந்தது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு வே” என்றேன். “நான் எழுதியிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது.”

காதருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். முன்னால் கார்கள் நகர ஆரம்பித்தன. விமான நிலையத்தில் அவனே இறங்கி என் பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தான், மாத்திரை கைப்பையில் இருக்கிறதா என்று திறந்து பார்த்தான், ராபியா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மேலே வைத்தான். நாற்பது வருஷத்தில் எத்தனையோ முறை நாங்கள் பிரிந்திருக்கிறோம். போயிட்டு வா என்று அவன் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை.